இந்திய ஹாக்கியில் யாரும் எதிர்பார்க்காத தலைமைப் பயிற்சியாளர் நியமனம் எது?

என்னைக் கேட்டால், 2017 செப்டம்பரில் நடந்ததுதான். ஆண்கள் அணிப் பயிற்சியாளர் ரோலன்ட் ஓல்ட்மன்ஸை நீக்கிவிட்டு, பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த நெதர்லாந்துக்காரர் ஷோர்ட் மரீனை ஆண்கள் அணிக்கு மாற்றினார்கள். பெண்கள் அணி ஹரேந்திர சிங்கிடம் போனது. எழும்பூர் ஸ்டேடியத்துக்கு வரும் எங்கள் கூட்டத்தில் பல நாள் இதே பேச்சுதான்.

சரி, பலன்? அடுத்த மாதமே மரீனின் அணி ஆசியக் கோப்பையை வென்றது. அப்புறம் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பதக்கம் இல்லை; மே மாதம் இருவரையும் திரும்ப இடம் மாற்றிவிட்டார்கள். எட்டு மாதத்தில் ஒரு பயிற்சியாளரால் என்ன செய்ய முடியும்? அந்த அவசரம் தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். பெண்கள் அணிக்குத் திரும்பிய அதே மரீன், டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை 1-0 என வீழ்த்தி, இந்தியப் பெண்களை முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனார்.