செல்லூர்த் தெருநாயை லண்டனுக்குக் கூட்டி வரலாமா?

தம்பி, செல்லூரில் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய் மதுரையில் அம்மாவிடம் இருக்கிறது, அதை லண்டனுக்குக் கூட்டி வந்தால் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

நம்மூரில் ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, லேப்ராடரா என்று விசாரிப்பார்கள். இங்கே பூங்காவில் கேட்பது "ரெஸ்க்யூவா?" என்றுதான், அதாவது தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ எடுத்ததா என்று. ஆமாம் என்றால் மரியாதை கூடும். லண்டனின் பேட்டர்சீ நாய்க் காப்பகம் 1860இல் தொடங்கியது. காப்பக நாயை எடுத்து வளர்ப்பது இங்கே பழகிப்போன விஷயம். ருமேனியத் தெருக்களிலிருந்து வந்த நாய்களும் நிறைய உண்டு.

ஆனால் உங்களைக் கவனிப்பார்கள். கழிவைப் பையில் எடுக்காமல் நகர்ந்தால் முகத்துக்கு நேரே சொல்வார்கள், அபராதமும் வரும். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், அது சட்டம். நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விடாதீர்கள். தெருவில் கூட்டத்தோடு இருந்த நாய் தனிமையில் ஊளையிடும், பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்கள். புது ஆட்களைக் கண்டு மிரண்டால் கயிற்றில் மஞ்சள் நாடா கட்டுங்கள், விலகிப் போவார்கள்.

வாடகை வீடா? இங்கிலாந்தில் 2026 மே 1 முதல், நாய் வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்டால் ஓனர் தக்க காரணமில்லாமல் மறுக்க முடியாது.

சங்கடம் பெரும்பாலும் நம் ஆட்களால்தான். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு நாய் வாசலோடு நிற்க வேண்டியது. அவர்கள் அச்சத்தையும் ஆசாரத்தையும் வாதாடி மாற்ற முடியாது. பூஜை அலமாரி இருக்கும் அறைக்குக் குழந்தைத் தடுப்புக் கதவு போடுங்கள், விருந்தாளி வருமுன் நாயை வேறு அறைக்கு மாற்றுங்கள். பாசத்தில் பிரியாணி மிச்சம் வைக்க விடாதீர்கள்: வெங்காயமும் கிஸ்மிஸும் நாய்க்கு நஞ்சு, வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

கூட்டி வருவதில் வரிசை மாறக் கூடாது. முதலில் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தியின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது வந்தால், ரத்தம் எடுத்த தேதியிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. ஆக, நாலு மாதத்துக்குக் குறையாது. இடையில் ஊசியின் காலம் முடிந்தால் எல்லாம் முதலிலிருந்து. இந்தியாவிலிருந்து நேரே லண்டனுக்கு விமானத்தில் வந்தால், சரக்காகத்தான் வர முடியும். வந்து சேர்வதற்கு முந்தைய 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து மருத்துவர் பதிய வேண்டும். பலர் தவறவிடுவது இது: உங்கள் பயணமும் நாயின் பயணமும் 5 நாள் இடைவெளிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வணிக இறக்குமதி விதிகள் வந்துவிடும். எனவே நீங்களே ஊருக்குப் போய்த்தான் கூட்டி வர வேண்டும்.

வயதான நாயானால், தெருவெல்லாம் சுற்றிப் பழகியதானால், அம்மாவிடமே இருக்கட்டும் என்பேன். கருத்தடை, ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி, இரண்டையும் தவறாமல் செய்யச் சொல்லுங்கள். இளம் நாயானால் பயணக் கூண்டை இப்போதே வாங்கி வீட்டில் திறந்து வைத்து, சோற்றை அதற்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்.