அந்த லேப் முந்திவிட்டால்?

அன்புள்ள சார்,

முனைவர் பட்ட ஆய்வில் நான்காவது வருடம். செல் சவ்வில் இருக்கும் ஒரு புரதத்தின் கட்டமைப்பைக் கண்டுபிடிப்பது என் வேலை. போன மாநாட்டில் ஒரு பெரிய லேபின் போஸ்டரைப் பார்த்தேன். அதே புரதம். அவர்கள் எட்டுப் பேர், இங்கே நான் ஒருத்தி. அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும், ஜர்னலில் வருவதற்கு முன்பே பேப்பர்களைப் போடும் ப்ரீபிரிண்ட் தளத்தில் அந்தப் புரதத்தின் பெயரைப் போட்டுத் தேடுகிறேன். புரதம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையை இரண்டு முறை செய்தாயிற்று. “மூன்றாவது ரிப்பீட் வேண்டாம், எழுத ஆரம்பி” என்கிறார் கைடு. அந்த லேப் ஆட்களிடம் பேசவே கூடாதாம். அடுத்த மாதம் மறுபடியும் ஒரு மாநாடு, அவர்களும் வருவார்கள். அவர்கள் முந்திவிட்டால் என் நான்கு வருடமும் வீண்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

வீணாகாது. வலிக்கும், அதை மறைத்துப் பயனில்லை.

நான் ஆய்வு மாணவனாக ஒரு நொதியோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியிருந்தேன். ஒரு நாள் சீனியர் ஒருவர் எதுவும் சொல்லாமல் ஒரு பேப்பரை அச்செடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தலைப்பைப் படித்ததும் காது அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் லேப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவர்களுடைய வரைபடத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். ஓரிடத்தில் வளைவு ஒத்துப்போகவில்லை. அவர்கள் கரைசலில் போட்ட உப்பின் அளவு வேறு. அந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பதுதான் கடைசியில் என் தீசிஸில் உருப்படியான அத்தியாயம். (மற்ற அத்தியாயங்களை நானே இப்போது திறந்து பார்ப்பதில்லை.)

என் கதையை விடுங்கள். உங்கள் துறையிலேயே இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். புரதக் கட்டமைப்பைக் கண்டுபிடித்தவர்கள் அதை புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற பொதுக் கிடங்கில் சேர்த்துவிடுவார்கள், பேப்பர் வரும்வரை பெரும்பாலும் அது பூட்டியே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் யார் எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்பதை வைத்து, ஒருவர் முடிவை ஒருவர் பார்க்காமல் ஒரே புரதத்தில் ஓடிய அணிகளைப் பிடித்துவிடலாம். ரயன் ஹில், கேரலின் ஸ்டைன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். இரண்டாவதாக வந்த அணியின் பேப்பர் வெளியாகும் வாய்ப்பு சுமார் 2.5 சதவீதம்தான் குறைகிறது. மற்ற பேப்பர்கள் அதை மேற்கோள் காட்டுவது சுமார் 20 சதவீதம் குறைகிறது. பெரிய ஜர்னலில் வருவதும் கொஞ்சம் கஷ்டமாகிறது. ஆனால் ஆய்வாளர்களிடமே கேட்டபோது இதைவிடப் பல மடங்கு இழப்பை எதிர்பார்த்தார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பெயர்பெற்ற லேப் முந்தும்போது சின்ன லேபுக்கு அடி கூடுதல். உங்கள் பயத்தில் பாதி நியாயம்.

அதே இருவரின் இன்னொரு ஆய்வுதான் உங்கள் கைடு படிக்கவேண்டியது. போட்டி அதிகமுள்ள புரதங்களின் கட்டமைப்புகள் சீக்கிரம் முடிகின்றன, தரத்தில் பின்தங்குகின்றன. மூன்றாவது ரிப்பீட்டை விடாதீர்கள். இரண்டாவதாக வருகிறவரிடம், ஜர்னலுக்காகப் பேப்பரை மதிப்பிடும் நடுவர் கேட்கும் முதல் கேள்வியே ‘இது எவ்வளவு உறுதி?’ என்பதுதான். இரண்டு முறை ஒத்துப்போனது தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர் எழுதினால், நீங்கள் மறுபடியும் செல் வளர்த்து, புரதம் பிரித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஆகும் மாதங்கள் இப்போது மிச்சம் பிடிக்கும் இரண்டு வாரத்தை விழுங்கிவிடும்.

கைடிடம் ‘அவர்கள் அவசரப்பட்டால் நாமும் படவேண்டுமா’ என்று தத்துவம் பேசாதீர்கள். ‘நாளைக்கே அவர்கள் பேப்பர் வந்தால் நாம் எந்த ஜர்னலுக்கு அனுப்புவோம்?’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் இருக்கிறது. பிளாஸ் பயாலஜி என்ற ஜர்னல் 2018இலேயே அறிவித்துவிட்டது: அதே முடிவு வேறெங்காவது வெளியாகி ஆறு மாதத்துக்குள் அனுப்பினால், புதுமை போய்விட்டது என்று திருப்ப மாட்டார்கள். உங்கள் பேப்பர் தயாரானதும் ப்ரீபிரிண்டாகப் போட்டுவிட்டால் அந்தத் தேதியும் உங்களுக்குச் சாட்சி.

இரண்டாவது அணியும் தேவைதான். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998இல் சொன்னது ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள். வேகம் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஒரு குழு மட்டும் சொல்லியிருந்தால் கணக்கில் எங்கோ பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். 2011இல் நோபல் பரிசு இரண்டு குழுக்களையும் சேர்ந்த மூவருக்குப் போனது. இரவெல்லாம் தொலைநோக்கியோடு உட்கார்ந்த மாணவர்கள் அந்த மேடையில் இல்லை என்பது வேறு விஷயம்.

மாநாட்டில் அந்த லேப் மாணவரிடம் தாராளமாகப் பேசுங்கள். வெளிவராத எண்கள், எந்தத் துண்டை வெட்டி வளர்த்தீர்கள், எந்தச் சோப்புக் கரைசல் கைகொடுத்தது, இதெல்லாம் உங்கள் ஒருவர் சொத்தல்ல. கைடு சம்மதிக்காமல் சொல்லாதீர்கள். போஸ்டரில் இருப்பதைக் கேட்கலாம், மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கிரிட் (புரதத்தைத் தாங்கும் சின்ன வலைத்தட்டு) பாழானதைப் பற்றிப் புலம்பலாம். எட்டுப் பேரில் ஒருவராக இருப்பதில் அவருக்கும் ஒரு பிரச்சினை இருக்கும்: பேப்பரில் முதல் பெயர் யாருடையது என்று இன்னும் தெரியாது.

ப்ரீபிரிண்ட் தளத்தில் அந்தப் புரதத்தின் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துவிடுங்கள். வந்தால் அது சொல்லும். காலையில் நேராக ரிப்பீட்டுக்குப் போங்கள்.