கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடா, நாமே பூட்டுவதா?

ரெடிமேடாக வாங்கலாமா, பாகங்கள் வாங்கி நாமே பூட்டலாமா என்பது கேள்வி. என் ஓட்டு பூட்டுவதற்கே.

ரெடிமேட் விளம்பரத்தில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்; பவர் சப்ளை எது என்று தேடினாலும் கிடைக்காது. காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். ரேமும் அப்படித்தான்: இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒரே 16 ஜிபி போட்டிருந்தால் டூயல் சேனல் (இரண்டு ரேம்களும் சேர்ந்து வேலை செய்வதால் வரும் வேகம்) கிடைக்காது, சில கேம்களில் பிரேம்கள், அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்கள், நன்றாகவே குறையும். சில பிராண்டு பெட்டிகளில் மதர்போர்டும் பவர் சப்ளையும் ஏடிஎக்ஸ் என்ற பொதுவான அளவிலேயே இருக்காது. பிறகு பெரிய கார்டு போட நினைத்தால் திண்டாட்டம்தான்.

பூட்டுவது பெரிய வித்தை இல்லை, ஒரு மதியம் போதும். நான் முதல் தடவை கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டிய மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகிவிட்டு, கார்டு செத்துவிட்டது என்று அரைமணி நேரம் புலம்பினேன்!

ஆனால் கோளாறு வந்தால் எந்தப் பாகம் என்று நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். வாரண்டியும் பாகத்துக்குப் பாகம் வேறு. அதற்குப் பொறுமை இல்லையா? சரி, சென்னை ரிச்சி தெரு மாதிரி கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த இடத்தில் பட்டியலை மட்டும் நீங்கள் போடுங்கள், கடைக்காரரே பூட்டித் தருவார். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.