எத்தனை டன் ஏசி வாங்கலாம்?

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை. கடையில் ஒன்றரை டன் என்கிறார்கள். ஒரு டன் போதாதா? (வேலூர் வாசகர்)

அறையின் அளவைச் சொன்னீர்கள், எந்த மாடி என்று சொல்லவில்லையே! உங்களுக்கு மேலே இன்னொரு வீடு இருந்தால் 120 சதுர அடிக்கு ஒரு டன் தாராளம். மேலே மொட்டை மாடி என்றால் அந்தக் கணக்கு செல்லாது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவில்தான் அதைக் கக்கும். சென்ற மே மாதம் இப்படி ஒரு வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்குப் போயிருந்தேன். ஸ்டூலில் ஏறிக் கூரையின் அடியில் உள்ளங்கையை வைத்தால், சற்றுமுன் இறக்கிவைத்த பால் பாத்திரம் போலச் சுட்டது. அந்த அறைக்கு நானும் ஒன்றரை டன்தான் சொன்னேன். மேற்குச் சுவரும் இதே வேலையைச் செய்யும். இன்றிரவு இரண்டையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால், ஏசிக்கு முன்பே மாடித் தரைக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள்; ஆண்டு முழுவதும் பயன் தரும்.

டன் என்பது ஏசியின் எடையா?

இல்லை. 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுவே ஒரு டன். வாட்டில் சொன்னால் 3,517. ஒன்றரை டன் 5,275. ஆனால் ஒன்றரை டன் என்று விற்கப்படும் சில ஏசிகளின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர வில்லையில் (ஸ்டார் லேபிள்) குளிரூட்டும் திறன் 5,000 வாட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அந்த எண்ணைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். அதுவும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வேலூரின் 42 டிகிரியில் இன்னும் குறையும்.

பெரிதாக வாங்கினால் சீக்கிரம் குளிருமே? (சென்னை வாசகி)

குளிரும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. காற்றின் ஈரம் குளிர்ந்த சுருளில் படிந்து வடிய, கம்ப்ரஸர் தொடர்ந்து ஓட வேண்டும். அளவுக்கு மீறிய ஏசி ஐந்தே நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். கடற்கரை ஊரில் இது பெரிய தொல்லை. இன்வர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதால் ஓரளவு சமாளிக்கும். அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

ஹாலும் சமையலறையும் ஒன்றாக இருக்கின்றன. என்ன செய்வது?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். அடுப்போ ஆயிரக்கணக்கில். இரண்டு டன் வாங்குவதற்குமுன் நடுவே ஒரு தடுப்புக் கதவு போட முடியுமா என்று தச்சரிடம் கேளுங்கள்.