பண்ணையார் வீட்டு மண்தரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானியக் கிராமத்தை வைத்துத் திரைக்கதை எழுதுகிறேன். குத்தகைக்காரர்கள் பண்ணையார் வீட்டைக் கொளுத்துவதுதான் உச்சக்காட்சி. பொருந்துமா?

பதில்: வேண்டாம். அங்கே நிலம் காகிதத்தில் கைமாறியது. 1946 அக்டோபர் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, வெளியூரில் குடியிருந்த பண்ணையாரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசே வாங்கியது. உள்ளூர்க்காரர் குத்தகைக்கு விட்டதில் சுமார் 1 ஹெக்டேரை வைத்துக்கொள்ளலாம். வடக்குத் தீவான ஹொக்கைடோவில் மட்டும் 4 ஹெக்டேர். மிச்சத்தையும் அரசு வாங்கி, எல்லாவற்றையும் உழுதவனுக்கே விற்றது. நன்செய்க்கு 1,000 சதுர மீட்டருக்குச் சராசரி 760 யென். விலை அப்படியே நிற்க, பணவீக்கம் எகிறியது. சில பாக்கெட் சிகரெட் வாங்கும் காசுக்கு ஒரு வயல் என்றாகிவிட்டது. 30 வருடத் தவணை கொடுத்தும், பலர் ஒரே மூச்சில் கட்டி முடித்தார்கள். பண்ணையார் கையில் மிஞ்சியது, நிலத்துக்கு விலையாக அரசு கொடுத்த, மதிப்பிழந்த கடன் பத்திரம்.

உச்சக்காட்சியை, எந்த வயல் கைமாறும் என்று முடிவு செய்த ஊர் நிலக் குழுவின் கூட்டத்தில் வையுங்கள். அந்தக் குழுவுக்கு 1946 டிசம்பரில் தேர்தல் நடந்தது. குத்தகைக்காரர் 5, பண்ணையார் 3, சொந்த நிலத்தில் உழுபவர் 2, ஆக 10 பேர். தலைமுறையாகக் குனிந்து பேசிய ஒருவர், தன் கல்யாணத்தை முன்நின்று நடத்திவைத்த பண்ணையாரின் முகத்துக்கு நேரே, ‘இந்த வயல் போகும்’ என்று சொல்லியாக வேண்டும். எந்தத் தீயையும்விட இது சுடும்.

கேள்வி: வில்லத்தனத்துக்கு இடமே இல்லையா?

பதில்: தாராளமாக உண்டு. சட்டம் வருகிறது என்று தெரிந்ததும், ‘இனி நானே உழப்போகிறேன்’ என்று குத்தகைக்காரரை வெளியேற்றிய பண்ணையார்கள் இருந்தார்கள். அதனால்தான் 1945 நவம்பர் 23ஆம் தேதி நிலவரத்தை வைத்துக் கணக்கெடுக்கச் சட்டம் வழி செய்தது. அந்தத் தேதியில் வயலில் யார் இருந்தார் என்பதற்குச் சாட்சி சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் முன்வருவாரா? உங்கள் இரண்டாம் பாதி இதிலேயே இருக்கிறது.

கேள்வி: வசனமில்லாமல் வர்க்க மாற்றத்தைக் காட்ட முடியுமா?

பதில்: வீட்டின் அமைப்பே காட்டிவிடும். வாசலைத் தாண்டியதும் ‘தோமா’ எனும் மண்தரை. அதை ஒட்டி, ஒரு மரவிளிம்புக்கு மேலே உயர்த்திய பாய்த்தரை. குத்தகை அரிசி கொண்டுவருபவர் மண்தரையிலேயே நிற்பார். கணக்குப்பிள்ளை கூர்முனைக் குழாயை, வைக்கோலால் பின்னிய அரிசி மூட்டைக்குள் சாய்த்துக் குத்துவார். அரிசி சரசரவென்று உள்ளங்கையில் விழும். அதன் நிறத்தையும் ஈரத்தையும் அவர் பார்க்கிற அந்த நேரம் முழுக்க, கேமரா மூட்டைக்குரியவரின் கண்ணில் இருக்கட்டும். சீர்திருத்தத்துக்குப் பிறகு அதே ஆள் செருப்பைக் கழற்றி விளிம்பில் ஏறுகிறார். ஒரு கணம் தயங்கட்டும், இசை வேண்டாம். முதல் காட்சியிலும் இதிலும் கேமராவை மண்தரை உயரத்திலேயே வையுங்கள். கோணம் மாறினால் பார்ப்பவருக்கு ஒப்பீடு எட்டாது.

கேள்வி: கலை இயக்கத்தில் எங்கே சறுக்குவார்கள்?

பதில்: முதலில் மூட்டை. ஒரு மூட்டை 60 கிலோ. வெறும் உமி அடைத்தால் ஏழெட்டுக் கிலோதான் தேறும்; தூக்குபவரின் தோள் இறங்காது, நடையும் பொய்யாகிவிடும். நடுவில் 20 கிலோ மணல் பையை வைத்துச் சுற்றிலும் உமி அடையுங்கள். மணலை அடியில் போட்டால் மூட்டை ஒரு பக்கம் சரியும். குழாய் குத்தும் மூட்டையில் மட்டும் உமி நீக்கிய பழுப்பரிசியே இருக்கட்டும். குளோஸ்-அப்பில் வேறெதுவும் எடுபடாது.

அடுத்து இயந்திரம். கையில் பிடித்து ஓட்டும் உழவு இயந்திரம் வயல்களில் பரவியது 1950களில். 1947 வயலில் மாடோ குதிரையோதான் உழவேண்டும். நாற்று நடுவது கையால்தான்.

கேள்வி: கடைசியில் பண்ணையார் ஒன்றுமில்லாமல் போகிறாரா?

பதில்: அவருக்கு மலைக்காடு இருந்ததா என்று முதலில் முடிவு செய்யுங்கள். காட்டை இந்தச் சீர்திருத்தம் தொடவில்லை. விறகுக்கும் கரிக்கும் தழையுரத்துக்கும் ஊர் அவரிடமே போக நேர்ந்த இடங்களில் அவருடைய செல்வாக்கு நீடித்தது. சமவெளியில் வயலை மட்டும் நம்பியிருந்தவர்தான் அடியோடு விழுந்தார். மலையோரமா சமவெளியா என்பதை முடிவு செய்த பிறகு கடைசிக் காட்சியை எழுதுங்கள்.