கையேட்டில் இல்லாத விடுதி

சென்ற வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து காய்கறிக் கடை வைத்திருக்கும் தகப்பனார் ஒருவர், மனைவியையும் பிளஸ் டூ முடித்த மகளையும் அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள். தாயாரின் மடியில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வழவழப்பான கையேடு இருந்தது. கணினி அறிவியல் பொறியியலுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் 25,000 ரூபாய் முன்பணமும் கட்டியாகிவிட்டது. "வீட்டை விட்டு ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை சார், அங்கே நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்களா?" என்பது மட்டும்தான் அவர் கேட்ட கேள்வி. பார்த்துக்கொள்வார்கள், கவலைப்படாதீர்கள் என்று சொல்ல நானும் வாயெடுத்துவிட்டேன். அதற்குள் கட்டண விவரத் தாள் கண்ணில் பட்டது. அதன்பின் அவரிடம் சொன்னதை, அவர் எதிரில் இருப்பதாகவே எண்ணி இங்கே எழுதுகிறேன்.

ஐயா, அந்தத் தாளின்படி படிப்புக்கு ஆண்டுக்கு 2,75,000 ரூபாய், விடுதிக்கும் உணவுக்கும் 1,40,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 16,60,000 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு மூன்று இலட்சம் வங்கிக் கடன், மீதிக்கு நகை என்கிறீர்கள். பத்து சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டாலும், படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்து தவணை தொடங்கும் நாளில் பன்னிரண்டு இலட்சம் 16,20,000 ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 21,400 ரூபாய் கட்ட வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பெண் முதல் சம்பளம் வாங்கும் முன்பே அவள் பெயரில் இந்தத் தொகை நிற்கும். உங்கள் கடையின் மாத வருமானத்தை நீங்களே சொன்னீர்கள். இந்தக் கடனை வாங்காதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

மைத்துனர் மகன் அங்கே படிக்கிறான், நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று உங்கள் துணைவியார் சொன்னார். கேட்கும் நாலு பேரும் தவணை கட்ட வரமாட்டார்கள். அந்தக் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நீச்சல் குளமும் குளிரூட்டிய அறையும் இருக்கின்றன. முதல் பருவத்தில் இரண்டு பாடத்தில் தவறிய மாணவியை யார் உட்காரவைத்துப் பேசுவார், இரவு பதினொரு மணிக்கு அழுகிற பிள்ளை எந்தக் கதவைத் தட்டலாம், எத்தனை மாணவருக்கு ஒரு மனநல ஆலோசகர், உதவித்தொகை விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் எழுத்தர் எந்த அறையில் இருக்கிறார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. நீங்கள் கேட்ட "பார்த்துக்கொள்ளுதல்" இவைதாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவி, இதைப் போன்ற ஒரு வளாகத்தில் மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்து படிப்பை விட்டாள். அவளுடைய அசல் சான்றிதழ்களை அந்த நிறுவனம் திருப்பித் தரவில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் தெளிவான விதி; ஆனாலும் தகப்பனார் ஆறு முறை அலைந்த பிறகே அவை கைக்கு வந்தன.

இனி உங்கள் மகளின் விருப்பத்துக்கு வருகிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பையிலிருந்து நாட்காட்டித் தாள்களை நூலால் தைத்த ஒரு கட்டை எடுத்தாள். கிழித்த தாள் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அன்றைய தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் விலை பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டு ஆண்டுத் தாள்கள். வளர்பிறை முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பே முருங்கைக்காய் ஏறிவிடுகிறது, தேய்பிறையில் அப்படி இல்லை என்று அவளாகவே கண்டு, வரைபடத் தாளில் கோடும் போட்டிருந்தாள். இது புள்ளியியல் என்னும் துறை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பொறியியலில் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கணக்கும் தரவும் இவ்வளவு பிடித்த பிள்ளையை, அவள் வாயால் கேட்காத ஒரு படிப்பில் 16 இலட்சம் கொடுத்துச் சேர்ப்பதை நான் ஒப்பமாட்டேன்.

பொறியியல் கலந்தாய்வையும் மற்ற வழக்கமான பாதைகளையும் எல்லோரும் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். உறவினர் ஒருவரும் சொல்லாதது, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலும் அதனோடு அரசு மாணவியர் விடுதியும். 1840-இல் தொடங்கிய சென்னை மாநிலக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது, சர் சி. வி. இராமன் படித்த கல்லூரி அது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய்தான் ஆகும். இளநிலைப் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று சில ஆயிரங்களோடு ஆண்டு முடிந்துவிடும்.

விடுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகள் கல்லூரி மாணவியருக்கென்றே விடுதிகள் நடத்துகின்றன. 2025 முதல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்கவும் உண்ணவும் கட்டணம் இல்லை. கல்லூரி மாணவர் ஒருவருக்கான உணவுப் படியை 2023-இல் அரசு மாதம் 1,100-இலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்னும் விதி மாணவியருக்குப் பொருந்தாது. பெற்றோரின் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. உங்கள் வருமானம் அதற்குள்தான் இருக்கும். சென்னையில் சேர்ந்தால், இராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் சாதிப் பிரிவுக்குரிய நல அலுவலரிடமும் விடுதிக் காப்பாளினியிடமும் கேட்டு, கல்லூரிச் சேர்க்கை முடிந்த அன்றே விண்ணப்பியுங்கள். இடம் உறுதி என்று நான் சொல்லமாட்டேன். தாமதித்தவர்களுக்குக் கிடைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நான் ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்த விடுதியில் அறுபது பெண்களுக்கு ஐந்து குழாய்கள்தாம் இருந்தன. ஆனால் கதவின் பின்புறம் சுண்ணக்கட்டியால் முறை எழுதிவைத்திருந்தார்கள், காலையில் முதலில் வகுப்பு உள்ளவர்களின் பெயர் மேலே இருந்தது. மொட்டைமாடியில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, கணிதத்தில் தவறிய முதலாண்டுப் பெண்கள் நால்வருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்கும் ஆலோசகர் அங்கே இல்லை என்பது உண்மைதான். அதற்காகவே கட்டணமில்லாத 14416 மனநல உதவி எண்ணை உங்கள் மகளின் கைப்பேசியில் இப்போதே பதிந்துவையுங்கள். பகடிவதை (ராகிங்) என்றால் 1800-180-5522.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் அவளுக்குத் தகுதி உண்டு. மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வகுப்பு முடிந்து கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அமர்ந்து படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. விடுதியில் நெருக்கடி என்று நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

படித்து முடித்தால் என்ன வேலை என்று தகப்பனாராக நீங்கள் கேட்பது நியாயம். இந்தியப் புள்ளியியல் பணிக்கு மத்தியத் தேர்வாணையம் தனித் தேர்வு நடத்துகிறது. பட்டத்தில் புள்ளியியல் படித்தவர்களே அதை எழுத முடியும், ஆகவே பொறியியல் பட்டதாரிகளில் பெரும்பாலோர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணி மத்திய அரசுப் பணியாளர் தேர்விலும், உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் பணி தமிழ்நாடு தேர்வாணையத்திலும் உண்டு. மேலே படிக்க விரும்பினால் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கல்விக் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைக்கிறது; நுழைவுத் தேர்வு கடினம், அதற்கு இரண்டாம் ஆண்டிலேயே தயாராக வேண்டும். வங்கி, காப்பீடு, மருந்து ஆய்வு நிறுவனங்களுக்கும் இவர்கள் தேவைப்படுகிறார்கள்.

இந்த வாரத்தில் மூன்று வேலைகளை முடியுங்கள். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்; மகளின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்; கட்டிய 25,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள், மானியக் குழுவின் கட்டணத் திருப்பளிப்பு விதியை அதில் குறிப்பிடுங்கள். அசல் சான்றிதழ் எதையும் அங்கே கொடுக்கவில்லை என்றீர்கள், நல்லது, கொடுக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது மைத்துனரையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நான் பேசுகிறேன். மகளை அந்த நாட்காட்டிக் கட்டோடு வரச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் விலை எப்படிப் போனது என்பதை நாங்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.