வளாகக் காவல் துறையின் ஆயுதப் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளாகக் காவல் துறை இராணுவத்தைப் போல ஆயுதமயமாகி வருவதைச் சாதாரண மாணவர்களாலும் ஊழியர்களாலும் எதிர்த்து நிறுத்த முடியுமா, இதுவரை எங்கேனும் நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இங்கே மேற்படிப்புக்கு வந்திருக்கும் மாணவராகவோ, அப்படி வந்த பிள்ளையை நினைத்துக் கவலைப்படும் பெற்றோராகவோ இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நிறுத்த முடியும், நிறுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் நான் அறிந்தவரை அந்த வெற்றிகளில் பலவும் காவலர்கள் புல்வெளியில் அணிவகுத்து நின்ற நாளில் கிடைத்தவை அல்ல. வாகனமோ துப்பாக்கியோ வந்து சேருவதற்கு முன்பு, அதை வாங்குவதற்கான கோப்பு ஒரு குழுவின் மேசையில் இருந்தபோது, யாரோ சிலர் அதைப் படித்துவிட்டுக் கேள்வி எழுப்பியதால் கிடைத்தவை.

இந்த ஆயுதங்கள் எப்படி வருகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் 1033 ஆம் பிரிவு, இராணுவத்துக்குத் தேவைப்படாத தளவாடங்களை உள்ளூர்க் காவல் துறைகளுக்குக் கொடுக்க வழி செய்தது. வாங்குபவர் கொண்டுவரும் செலவையும் பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டால் போதும், பொருளுக்கு விலை கிடையாது. பல்கலைக்கழகக் காவல் துறைகளும் இந்த வரிசையில் நின்றன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 70 எம்-16 துப்பாக்கிகளைப் பெற்றது, மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் குண்டு ஏவும் கருவி ஒன்றைப் பெற்றது, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2013-இல் கண்ணிவெடியையும் தாங்கும் கவச வாகனத்தைப் பெற்றது. இந்தத் திட்டத்தில் பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு: பெற்ற பொருளை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தேவை எழுந்தால் எடுப்போம் என்று கொட்டகையில் பூட்டி வைக்க அந்த விதி இடம் தரவில்லை. பயன்படுத்துவதற்கான காரணத்தைத் தேடும்படி அதுவே தூண்டுகிறது.

இதை எழுதும்போது எழப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். 1966-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவன் சுட்டான், 2007-இல் வர்ஜீனியா டெக்கில் 32 பேர் கொல்லப்பட்டார்கள், அப்படிப்பட்ட நாளில் காவலர்கள் வெறுங்கையோடு வர வேண்டுமா என்று கேட்பார்கள். வெறுங்கையோடு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கியோடு நுழைந்த கொலைகாரனைத் தடுக்க ஆயுதம் வேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பட்டியலைக் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். மிளகுத்தூள் உருண்டைகள், அவற்றைச் சுடும் ஏவிகள், நுரைமுனைத் தோட்டாக்கள், கண்ணீர்ப்புகைக் குண்டுகள், காதைப் பிளக்கும் ஒலிக்கருவி ஆகியவற்றில் எதைக் கொண்டு அந்தக் கொலைகாரனைத் தடுக்கப் போகிறார்கள்? இவை கூட்டத்தைக் கலைப்பதற்கானவை. ஒரு வளாகத்தில் கூடும் கூட்டமோ மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும்தான். கொலைகாரனைக் காரணம் காட்டி வாங்கப்படுபவை மாணவனை நோக்கித் திரும்புவதை எதிர்ப்பவர்களைப் பார்த்து, பாதுகாப்பே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பது நியாயமான வாதம் ஆகாது.

ஆயுதம் கையில் இருந்தால் விதி குறுக்கே நிற்காது என்பதற்கு டேவிஸ் நகரமே சான்று. 2011 நவம்பர் 18 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் ஒரு காவலர் மிளகுத் திரவத்தைத் தெளித்த காட்சியை உலகமே பார்த்தது. மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி க்ரூஸ் ரெனோசோ தலைமையிலான குழு 2012-இல் அளித்த அறிக்கையில், அந்தப் பெரிய தெளிப்பான் அந்தத் துறையின் விதிகளில் அனுமதிக்கப்பட்ட கருவியே அல்ல என்று பதிவானது. பல்கலைக்கழகம் வழக்கை முடிக்கச் சுமார் 10 இலட்சம் டாலர் கொடுத்தது. பிறகு இணையத்தில் தன் பெயரைத் தூய்மைப்படுத்த ஆலோசகர்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் செலவிட்டதும் 2016-இல் வெளிவந்தது. அதே டேவிஸில் நகரக் காவல் துறைக்குக் கவச வாகனம் வந்தபோது, மக்கள் திரண்டு நகரமன்றத்தில் பேசி, 2014 ஆகஸ்டில் அதைத் திருப்பி அனுப்பும் முடிவை எடுக்க வைத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பெர்க்லியில், பல்கலைக்கழகக் காவல் துறையும் அண்டை நகரங்களும் சேர்ந்து கூட்டரசு மானியத்தில் வாங்கவிருந்த கவச வாகனம், ஊர்மக்களின் எதிர்ப்பால் வாங்கப்படாமலே கைவிடப்பட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இந்த இரண்டு நிகழ்வுகளிலும் இருக்கிறது.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் ஒரு பொதுப் பல்கலைக்கழக நூலகத்தில் நான் பணியாற்றுகிறேன். எது என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். 2024 வசந்தத்தில் காசா போரை எதிர்த்து நாடு முழுவதும் வளாகங்களில் நடந்த போராட்டங்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் கைதானபோது, எங்கள் நூலகத்துக்கு நாள்தோறும் வரும் ஆய்வு மாணவி ஒருத்தி தோளில் கறுத்துக் கன்றிய காயத்தோடு வந்து, வழக்கம்போலப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். எந்த எறிபொருள் பட்டது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், மாநிலத்தில் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் ஏபி 481 என்ற சட்டத்தைப் படித்தேன். வளாகக் காவல் துறை உட்பட எந்தக் காவல் அமைப்பும் இராணுவ வகைக் கருவிகளை வாங்குவதற்கு முன், அவற்றுக்கான கொள்கையை வெளியிட்டு, ஆளும் குழுவின் ஒப்புதலைப் பொதுக்கூட்டத்தில் பெற வேண்டும். எத்தனை இருக்கின்றன, எதற்குப் பயன்பட்டன, என்ன செலவு, அடுத்த ஆண்டு என்ன வாங்கப் போகிறார்கள், என்னென்ன புகார்கள் வந்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வெளியான 30 நாட்களுக்குள், நன்கு விளம்பரப்படுத்திய மக்கள் கூட்டம் ஒன்றையாவது நடத்த வேண்டும்.

எங்கள் அறிக்கை காவல் துறையின் இணையப் பக்கத்தில், வாகன நிறுத்த விதிகளுக்கும் தொலைந்த பொருள் படிவத்துக்கும் கீழே கிடந்தது. முந்தைய ஆண்டில் மிளகு உருண்டை ஏவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்று ஒரு பக்கத்திலும், கூடுதலாக உருண்டைகள் வாங்க வேண்டும் என்று இன்னொரு பக்கத்திலும் எழுதியிருந்தது. கூட்டமோ தேர்வு வாரத்தில், நண்பகலில், இணையவழியில் நடந்தது. காவலர்களையும் நிர்வாகத்தினரையும் தவிர்த்துப் பார்த்தால் எங்களில் மிகச் சிலரே இருந்தோம். பயன்படாத பொருளை மேலும் வாங்குவது எதற்கு, இதற்கு நியாயமான மாற்று வழியே இல்லை என்று சட்டம் கேட்கும் முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்டேன். தயார் நிலைக்காக என்று ஓர் அதிகாரி பதில் சொன்னார். மரியாதையாகவே சொன்னார், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பிறகு வெளியான கூட்டக் குறிப்பில் என் கேள்வியும் இல்லை, அவருடைய பதிலும் இல்லை. பொதுமக்களிடமிருந்து கருத்துகள் பெறப்பட்டன என்ற ஒரே வரி இருந்தது. ஆவணங்களைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அந்த ஒரு வரி தந்த கோபம் இன்றுவரை தணியவில்லை.

அந்தக் கோபம்தான் எங்களைச் சேர்த்தது. தொழிற்சங்கத் தோழர்கள் சிலர், ஓய்வுபெற்ற ஒரு சட்டப் பேராசிரியர், மாணவர் செய்தித்தாளின் நிருபர், காயம்பட்ட அந்த மாணவி என்று ஒரு சிறு குழு அமைந்தது. பொது ஆவணச் சட்டத்தின்கீழ் கொள்முதல் ரசீதுகளைக் கேட்டோம். அவை தாமதமாக, கறுப்புக் கோடுகளோடு வந்தன. வந்தவரை நிருபர் வெளியிட்டார். அடுத்த ஆண்டுக் கூட்டம் மாலை நேரத்தில், நேரில் நடந்தது, அரங்கம் நிறைந்திருந்தது. கூடுதல் உருண்டைகளுக்கான கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஏற்கனவே இருப்பவை இருக்கத்தான் செய்கின்றன. இதை மாபெரும் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நான் இறங்கியது தெரிந்ததும், வார இறுதியில் சந்திக்கும் தமிழ் நண்பர்கள் பலர் நமக்கெதற்கு வம்பு என்றார்கள். விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்காக அவர்கள் அஞ்சுவதை நான் புரிந்துகொள்கிறேன். 2025 வசந்தத்தில் பல ஆயிரம் வெளிநாட்டு மாணவர்கள் இங்கே தங்கிப் படிப்பதற்கான அரசுப் பதிவுகள் திடீரென முடக்கப்பட்டன. அந்த அச்சம் கற்பனை அல்ல. ஆனால் அந்தப் பதிவுகள் ஏப்ரல் இறுதியில் மீட்கப்பட்டதும், மாணவர்கள் நாடெங்கும் நீதிமன்றங்களுக்குப் போய் வழக்குத் தொடுத்து ஆணை பெற்றதால்தான். குடியுரிமை பெற்று, வீடு வாங்கி, பிள்ளைகளை இதே பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் பெரியவர்கள், கைதாகும் ஆபத்து எதுவும் இல்லாத ஒரு கூட்டத்துக்குக்கூட வர மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதிகாரம் மேலிருந்து இறுக்கும் காலத்தில் இத்தகைய கூட்டங்களால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. 2025 மார்ச்சில் கூட்டரசு 40 கோடி டாலர் நிதியை நிறுத்தியதும், கொலம்பியா பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட மாற்றங்களில் ஒன்று, கைது செய்யும் அதிகாரம் கொண்ட 36 சிறப்புக் காவலர்களை அமர்த்துவது. 2024 ஏப்ரலில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் வளாகப் புல்வெளியில் கூடுவது பற்றி 1969 முதல் இருந்துவந்த விதி, மாணவர்களின் போராட்ட முகாம் தொடங்குவதற்கு முன்தினம் ஒரு சிறு குழுவால் மாற்றப்பட்டது. மாற்றிய விதியைக் காட்டியே கைதுகள் நடந்தன, கூரையின் மேல் குறிபார்த்துச் சுடும் மாநிலக் காவலரும் நின்றார். எதேச்சாதிகாரம் வளாகத்துக்குள் விதித் திருத்தமாகவும் நியமன ஆணையாகவும் கொள்முதல் சீட்டாகவும் நுழைகிறது. அதை அந்த வாசலிலேயே மறிப்பதற்கு, ஆவணத்தைப் படிக்கும் பொறுமையுள்ள சிலர் ஒவ்வொரு வளாகத்திலும் வேண்டும்.

எதிர்ப்பு எப்போதும் வெல்வதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தனியார் காவல் படை அமைப்பதை எதிர்த்து 2019-இல் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் அமர்ந்திருந்தார்கள், கைதானார்கள். 2020-இல் திட்டம் இரண்டு ஆண்டுகள் தள்ளிவைக்கப்பட்டது, பிறகு முன்னே நகர்ந்துவிட்டது. போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வளாகக் காவலர்களுக்குத் துப்பாக்கி தர வாக்களித்தபோது மாணவர்கள் எச்சரித்தார்கள். 2018-இல் சண்டையை விலக்க முயன்ற ஒருவரை அந்தக் காவலர்கள் சுட்டுக் கொன்ற பிறகே துப்பாக்கியில்லாத ரோந்து பற்றிய பேச்சு எடுபட்டது.

நீங்கள் விசாவில் இருக்கும் மாணவராக இருந்தால் கைதாகும் இடத்தில் நிற்க வேண்டாம். வேறு வேலை நிறைய இருக்கிறது. கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டம் கேட்பவரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. சில மாநிலங்கள் அந்த உரிமையை அங்கு வசிப்பவர்களுக்கு மட்டும் தருகின்றன என்பதால், உங்கள் மாநிலச் சட்டத்தை முதலில் படியுங்கள். தனியார் பல்கலைக்கழகமானாலும், காவல் படையோ பாதுகாப்புத் துறையோ இருந்தால், வளாகக் குற்ற விவரங்களை வெளியிடச் சொல்லும் 1990-இன் கிளெரி சட்டப்படி அன்றாடக் குற்றப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். ஒஹாயோவில் தனியார் பல்கலைக்கழகக் காவல் துறையின் பதிவுகளும் பொது ஆவணங்களே என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு மாணவப் பத்திரிகையாளர். உங்கள் வளாகக் காவல் துறைக்கு எழுதும் முதல் கடிதத்தில் மூன்றைக் கேளுங்கள்: இப்போது கையிருப்பில் உள்ள கருவிகளின் பட்டியல், கடந்த ஆண்டு அவை பயன்படுத்தப்பட்ட நிகழ்வுகள், வரும் ஆண்டில் வாங்கத் திட்டமிட்டிருப்பவை. பதில் வந்ததும் அதைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் மாணவர் செய்தித்தாளுக்கும் ஊழியர் சங்கத்துக்கும் அன்றைக்கே ஒரு படி அனுப்பிவிடுங்கள்.